சட்டையில் லோகோ தைப்பதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிறுவனங்களின் லோகோவை மெஷின் எம்பிராய்டரிக்கு ஏற்ப மாற்றுவது, அதாவது தொழிலில் பஞ்சிங் என்று சொல்லப்படும் வேலை குறித்து வந்திருக்கும் கேள்விகளை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொண்டிருக்கிறோம். சீருடைத் தையல் சூடுபிடிக்கும் காலம் இது என்பதால், முதல் கேள்விக்கு மட்டும் பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: ஐயா, வீட்டு மாடியில் சிங்கிள் ஹெட் எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறேன். ஒரு மருந்துக்கடை உரிமையாளர் தம் ஊழியர்களின் சட்டைக்காக லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நீல வட்டம், அதற்குள் வெள்ளைக் கூட்டல் குறி, வட்டத்தைச் சுற்றி மெல்லிய பொன்னிறக் கோடு, கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே மிகச் சிறிய எழுத்தில் ஒரு வாசகம். படத்தை மென்பொருளில் கொடுத்து ஆட்டோ பஞ்சிங் செய்தேன். தைத்துப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவில் இருக்கிறது. பொன்னிறக் கோட்டுக்கும் நீலத்துக்கும் நடுவே துணி தெரிகிறது. சிறிய எழுத்துகள் அடைபட்டுவிட்டன. துணியும் சுற்றிலும் சுருங்கி நிற்கிறது. தெளிவான படம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தெளிவான படத்தைக் கேட்டு வாங்குவது நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் நான்கு குறைகளில் ஒன்றுக்குக்கூடப் படத்தின் தெளிவின்மை முதற்காரணமன்று. அச்சுக்குக் கொடுக்கும் அதே கோரல் டிரா கோப்பை அவர் அனுப்பியிருந்தாலும், ஆட்டோ பஞ்சிங்கில் ஏறக்குறைய இதே முட்டை வடிவமும் இதே இடைவெளியும்தான் கிடைத்திருக்கும். படத்தில் இருக்கும் வண்ணத்துக்குத் தடிமன் இல்லை, இழுவிசையும் இல்லை. நூலுக்கு இரண்டும் உண்டு. ஆகவே லோகோவை மாற்றுவது ஒரு கோப்பை இன்னொரு கோப்பாக்கும் வேலையன்று. குறிப்பிட்ட ஒரு துணியில், குறிப்பிட்ட ஓர் அளவில், நூல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அந்தச் சின்னத்தை மறுபடி வரையும் வேலை.

வட்டத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு தையலும் மேல்நூலுக்கும் அடியிலிருந்து வரும் பாபின் நூலுக்கும் இடையிலான இழுப்பில் தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. உங்கள் நீல வட்டத்தை மென்பொருள் கிடைமட்டத் தையலால் நிரப்பியிருந்தால், வட்டம் இடவலமாகக் குறுகும்; அதே நேரத்தில் அடுத்தடுத்து அடுக்கப்படும் வரிசைகள் துணியைத் தள்ளுவதால் மேலும் கீழும் சற்று நீளும். நிற்கும் முட்டை வடிவம் இப்படித்தான் பிறக்கிறது. இதைச் சரிசெய்ய, தையல் ஓடும் திசையில் வடிவத்தைச் சற்று அகலப்படுத்தியும், அதற்குக் குறுக்கான திசையில் சற்றுக் குறைத்தும் வரைய வேண்டும். மென்பொருளில் புல் காம்பன்சேஷன் என்ற பெயரில் இருக்கும் அளவு முதல் பாதியைக் கவனித்துக்கொள்ளும்: நெய்த சட்டைத் துணிக்கு 0.2 மி.மீ. அளவிலும், இழுபடும் பின்னல் துணிக்கு 0.4 மி.மீ. வரையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியைக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும். திரையில் சற்றே அகன்று தெரியும் வட்டம்தான் துணியில் வட்டமாக விழும். திரையில் அழகாக இருக்கும் வட்டத்தை நம்ப வேண்டாம்.

பொன்னிறக் கோட்டின் இடைவெளிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீலமும் பொன்னிறமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், படத்தில் உள்ளபடியே விளிம்போடு விளிம்பு தொட்டுக்கொண்டு நிற்பது. நீலம் உள்நோக்கி இழுபட்டதும் அந்தத் தொடுகை விட்டுப்போகிறது. பொன்னிறத்துக்கு அடியில் நீலம் 0.4 அல்லது 0.5 மி.மீ. நுழைந்திருக்குமாறு வரையுங்கள். மற்றொன்று, தைக்கும் வரிசை. நீலம் முழுவதும், பிறகு வெள்ளை, பிறகு கடையின் பெயர், கடைசியில் பொன்னிறம் என்று ஓடினால், பொன்னிறத்தின் முறை வருவதற்குள் துணி பிரேமுக்குள் நகர்ந்திருக்கும். ஒரு நிரப்பலுக்கு உரிய விளிம்புக் கோட்டை அந்த நிரப்பல் முடிந்த கையோடு தைத்துவிட வேண்டும். வண்ணம் மாற்றும் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் பரவாயில்லை. மொத்த வரிசை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் செல்வது துணியின் தளர்வை ஓரத்துக்குத் தள்ளிவிடும். கோட்டின் அகலத்தையும் பாருங்கள். சாட்டின், அதாவது ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நெருக்கமாகப் போய்வரும் தையல், 1 மி.மீ.க்குக் குறைந்தால் சீராக அமையாது. அந்தக் கோட்டை 1.2 மி.மீ. ஆக்கிச் சாட்டினில் தையுங்கள், அல்லது ஒரே தடத்தில் மும்முறை ஓடும் ரன்னிங் தையலாக மாற்றுங்கள்.

எந்த வடிவத்துக்கு எந்தத் தையல் என்பதில் ஆட்டோ பஞ்சிங் அடிக்கடி தடுமாறும். 1 மி.மீ. முதல் சுமார் 7 மி.மீ. வரை அகலமுள்ள பட்டைகளுக்கும் எழுத்துகளுக்கும் சாட்டின் பொருந்தும். அதற்கு மேல் அகன்றால் நூல் தளர்ந்து, வளையலிலும் பையின் ஜிப்பிலும் மாட்டி இழுபடும். அங்கே டடாமி என்னும் நிரப்பல் தையலுக்குப் போக வேண்டும். உங்கள் வட்டத்துக்கு நிரப்பல், கூட்டல் குறிக்குச் சாட்டின் என்பது என் பரிந்துரை. சட்டையே வெள்ளை என்றால் கூட்டல் குறியைத் தைக்காமல் நீலத்தில் வெற்றிடமாக விட்டால் போதாதா என்று தோன்றும். தையல் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான். ஆனால் நிரப்பல் தையலின் ஓரம் ரம்பப் பல்லைப்போல் தெரிவதால் குறியின் விளிம்பு கூர்மையாக இராது. நீலத்தில் குறியைவிடச் சற்றுச் சிறிய வெற்றிடம் விட்டு, அதன்மேல் வெள்ளைச் சாட்டினைத் தைத்தால் விளிம்பும் கூராகும், இரண்டு முழு அடுக்கு ஏறித் தடிப்பதும் தவிர்க்கப்படும்.

துணி சுருங்குவதற்கு வருவோம். தையலை நெருக்கமாக வைத்தால் தரம் கூடும் என்ற எண்ணம் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் எதிர்மாறாகவே முடிகிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 40 எண் நூல், துணியில் படியும்போது ஏறக்குறைய 0.4 மி.மீ. அகலத்தை மூடிவிடுகிறது. அதனால்தான் வரிசைகளுக்கு இடையே 0.4 மி.மீ. என்பது பொதுவான தொடக்க அளவாக நிலைத்திருக்கிறது. அதை 0.3 ஆக்கினால் அதே பரப்பில் வரிசைகள் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. புதிதாக நுழையும் நூலுக்கு இடமில்லாததால் துணி விலகிச் சுருங்குகிறது, லோகோ அட்டைத் துண்டைப்போல் விறைக்கிறது. நிறம் முழுமையாக மூடவில்லை என்று தோன்றினால் நெருக்கத்தைக் கூட்டுவதற்கு முன் அடித்தையலைப் பாருங்கள். அண்டர்லே எனப்படும் இந்த அடித்தையல், மேல்தையல் விழுவதற்கு முன்பே துணியை அதன் அடியில் தாங்கலாக வைக்கும் பேப்பரோடு பிணைத்துவிடுகிறது. மேல்தையல் அமிழ்ந்துபோகாமல் தாங்கவும் செய்கிறது. நீல வட்டத்துக்கு மேல்தையலின் திசைக்குக் குறுக்காக ஓடும் தளர்வான நிரப்பலும், அகன்ற சாட்டினுக்கு விளிம்பு ஓட்டத்தோடு ஜிக்ஜாக்கும், மெல்லிய எழுத்துகளுக்கு நடுவில் ஓடும் ஒற்றை ரன்னிங் தையலும் போதும். அடித்தையல் மேல்தையலின் விளிம்பைவிட 0.4 மி.மீ.யாவது உள்ளொடுங்கி நிற்க வேண்டும். இல்லையேல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

எஞ்சியிருப்பது அந்தச் சிறிய வாசகம். மார்புப் பக்கத்து லோகோ பொதுவாக 9 செ.மீ. அகலத்தில் அமையும். அந்த அகலத்தில் உங்கள் வாடிக்கையாளரின் வாசகம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 2 அல்லது 3 மி.மீ.க்கு மேல் இராது என்று நினைக்கிறேன். 40 எண் நூலில் ஆங்கில எழுத்துக்குக் குறைந்தது 5 மி.மீ. உயரம் வேண்டும். அதைவிட மெல்லிய 60 எண் நூலும் மெல்லிய 65/9 ஊசியும் போட்டு, வேகத்தை நிமிடத்துக்கு 600 தையல் அளவில் வைத்தால் 4 மி.மீ. வரை இறங்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் எவ்வளவு திறமையாகப் பஞ்சிங் செய்தாலும் எழுத்தின் உட்துளைகள் அடைபடும். வாசகத்தை நீக்கலாம், அல்லது இரண்டு வரியாக்கிப் பெரிதுபடுத்தலாம் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்பிராய்டரிக்கென்றே எளிமைப்படுத்திய லோகோவைத் தனியாக வைத்திருக்கும் நிறுவனங்கள் பல உண்டு. அது லோகோவைக் குறைப்பதாகாது.

அவரிடம் இன்னும் ஒன்றையும் சொல்லி வைப்பது நல்லது. பளபளப்பான நூல் என்பதால் ஒரே நீலம், தையல் ஓடும் திசையைப் பொறுத்து, ஓரிடத்தில் வெளிறியும் வேறோரிடத்தில் அடர்ந்தும் தெரியும். வட்டத்தில் கிடைமட்டமாகவும் பெயரில் நிமிர்ந்தும் தையல் ஓடினால், இரண்டு நீலம் போட்டுவிட்டீர்களா என்ற கேள்வி கட்டாயம் வரும். நிழல் விழுவது போன்ற வண்ணக் கலவைகளையும் அவரது ஒப்புதலோடு தட்டையான நிறங்களாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் சின்னத்தில் பள்ளியின் பெயர் தமிழில் இருக்கிறது. ஆங்கில எழுத்து நன்றாக வருகிறது, தமிழ் எழுத்து மட்டும் கறைபோல் தெரிகிறது. தமிழ் எம்பிராய்டரிக்கு ஒத்துவராது என்கிறார் தைப்பவர். உண்மையா?
– ஓர் ஆசிரியர், கோடம்பாக்கம்

பதில்: ஒத்துவராதது தமிழன்று, அவர் தேர்ந்துகொண்ட அளவும் எழுத்துருவும்தான். 5 மி.மீ. என்ற கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு உரியது. அதை அப்படியே தமிழுக்கு வைத்தால் 'ப', 'ட', 'ம' ஆகியவை தப்பிக்கும். 'ண', 'ஞ', 'ழ', 'ஜ', 'ஐ' அகப்பட்டுக்கொள்ளும். ஓர் எழுத்தின் அகலத்துக்குள் எத்தனை நிமிர்ந்த கோடுகள் அடுத்தடுத்து வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் 1 மி.மீ., இரண்டு கோடுகளுக்கு நடுவே தெரிய வேண்டிய துணிக்கு 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நான்கைந்து கோடுகள் உள்ள எழுத்து 7 முதல் 9 மி.மீ. வரை அகலம் கேட்கும். ஆகவே தமிழ்ப் பெயருக்கு 7 அல்லது 8 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது என்பது என் கருத்து. மேல்விலங்கும் கீழ்நோக்கி இறங்கும் உகரச் சுழிகளும் இந்த உயரத்துக்கு வெளியே தனியாக இடம் கேட்கும் என்பதையும் மறக்கலாகாது.

எழுத்துருவைப் பொறுத்தவரை, தடித்தும் மெலிந்தும் செல்லும் அலங்கார எழுத்தைத் தவிர்த்து, எல்லாப் பகுதியிலும் ஒரே தடிமன் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மெலிந்த பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் அங்கே தையல் பிசிறும். தமிழ் எழுத்தின் சுழிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாட்டின் தையல் வளைவில் திரும்பும்போது வெளிவட்டத்தில் பரவலாகவும் உள்வட்டத்தில் நெருங்கியும் விழுகிறது. 'ழ'வின் அடியிலும் 'ண'வின் தொடக்கச் சுழியிலும் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் துணியில் ஓட்டை விழுவது இதனால்தான். பஞ்சிங்கில் உள்வளைவுத் தையல்களை ஒன்று விட்டு ஒன்றாகக் குறுக்கிவிடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சுழியின் உட்துளையையும் எழுத்துருவில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக வரைய வேண்டும், ஏனெனில் நூல் விரிந்து அதை எப்படியும் சிறிதாக்கும்.

புள்ளிக்குத் தனிக் கவனம் வேண்டும். 1 மி.மீ. விட்டமுள்ள புள்ளி துணியில் முடிச்சாகத்தான் தெரியும், சில துணிகளில் தெரியாமலே போகும். பள்ளிச் சின்னம் என்பதால் சொல்கிறேன்: 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி காணாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புள்ளியை 1.5 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து 1 மி.மீ.யாவது விலக்கி வையுங்கள். எல்லா எழுத்துகளையும் தைத்து முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு போவதும் தவறு. அதற்குள் துணி நகர்ந்திருந்தால் புள்ளி பக்கத்து எழுத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் தையல் முடியும் இடத்தைப் புள்ளிக்கு மிக அருகில் அமைத்து, எழுத்து முடிந்ததும் அதன் புள்ளியைத் தைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவதே முறை.

அந்தச் சின்னத்தை அச்சகத்திலிருந்து கோரல் டிரா கோப்பாக வாங்கினால், எழுத்துகளை கர்வ்ஸ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவக் கோடுகளாக, மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்திருந்து, பஞ்சிங் செய்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமற்போனால், பள்ளியின் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் திரையில் வரும்.

கேள்வி: சட்டைக்காகச் செய்த அதே கோப்பை டி-சர்ட், தொப்பி, துண்டு ஆகியவற்றுக்கும் பயன்படுத்தலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பஞ்சிங் கட்டணம் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: முழுக் கட்டணம் கேட்பது நியாயமா என்பது பேரத்துக்குரியது, ஆனால் தனித்தனிக் கோப்பு தேவை என்பதில் ஐயமில்லை. தொப்பி வளைந்த பரப்பு என்பதால், நடுவிலிருந்து இருபுறமாகவும் கீழிருந்து மேலாகவும் தையல் வரிசையை மாற்றி அமைக்க வேண்டும்; சட்டைக் கோப்பை அப்படியே ஓட்டினால் துணி நடுவில் குவிந்து மடிப்பு விழும். உயரமும் 5.5 செ.மீ. அளவுக்குள் அடங்க வேண்டும். பின்னல் துணியான காலர் டி-சர்ட்டுக்குப் புல் காம்பன்சேஷன் கூட வேண்டும், பந்துமுனை ஊசி வேண்டும், கிழித்தெடுக்கும் பேப்பருக்குப் பதிலாக வெட்டியெடுக்கும் பேப்பர் வேண்டும். கிழித்தெடுக்கும் பேப்பர் போனபின் இழுபடும் துணியைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. துண்டில் நூல் வளையங்கள் தையலுக்கு நடுவே தலைநீட்டும் என்பதால், மேலே நீரில் கரையும் படலத்தை விரித்துத் தைக்க வேண்டும், மெல்லிய கோடுகளைக் கைவிட வேண்டும். மூல வடிவம் ஒன்றாக இருப்பதால் இந்த மாற்றங்களுக்குப் பாதிக் கட்டணத்துக்கு மேல் கொடுப்பது எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது.

கேள்வி: மார்புக்குச் செய்த டி.எஸ்.டி. கோப்பை முதுகுப்புறத்துக்காக மூன்று மடங்கு பெரிதாக்கினேன். அடித்துணி தெரிகிறது, நூல் தொங்குகிறது, வண்ணங்களும் இடம் மாறி வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கோப்பு கெடவில்லை. டி.எஸ்.டி. என்பது தஜிமா இயந்திரங்களுக்குரிய வடிவம். இன்று பிற நிறுவனங்களின் இயந்திரங்களும் பெரும்பாலும் அதைப் படிக்கின்றன. அதில் வட்டம், எழுத்து என்று எதுவும் இல்லை; ஊசி எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டும் 0.1 மி.மீ. அலகில் வரிசையாக இருக்கின்றன. ஆகவே மூன்று மடங்கு பெரிதாக்கும்போது தையல்கள் புதிதாகப் பிறப்பதில்லை, இருப்பவை நீளுகின்றன. 0.4 மி.மீ. இடைவெளி 1.2 மி.மீ. ஆகிறது, 4 மி.மீ. தையல் 12 மி.மீ. ஆகிறது. அடித்துணி தெரிவதும் நூல் தொங்குவதும் அதனால்தான். சிறிதாக்கினால் இதற்கு நேர்மாறாகத் தையல்கள் குவிந்து நூல் அறும், ஊசியும் ஒடியும். 10 சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கமும் போக வேண்டாம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, அந்தக் கோப்பில் நிறங்கள் சேமிக்கப்படுவதே இல்லை. எங்கே நிறுத்தி நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டுமே பதிவாகிறது. திரையில் காணும் நிறங்கள் மென்பொருள் தானாகப் போட்டுக்காட்டுபவை. பஞ்சிங் செய்தவரிடம் நூல் எண்களோடு வண்ண வரிசைத் தாளையும், வடிவங்களைத் திருத்த இடம்தரும் மூலக் கோப்பையும், அதாவது வில்காம் என்னும் மென்பொருளில் செய்திருந்தால் இ.எம்.பி. கோப்பையும், முதலிலேயே கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பில் அளவை மாற்றினால் மென்பொருள் தையல்களைப் புதிதாகக் கணக்கிடும். அப்போதும் மார்பில் சாட்டினாக இருந்த பட்டை முதுகில் 7 மி.மீ.யைத் தாண்டி அகன்றிருந்தால் அதை நிரப்பலாக மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தைத்தபோது நன்றாக இருந்த லோகோ, ஒரே சலவையில் சுற்றிலும் சுருங்கிவிட்டது. வெள்ளைச் சட்டைகளில் நூலின் நிறமும் வெளுத்துவிட்டது. பஞ்சிங் குறையா, நூலின் குறையா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பிரேமிலிருந்து எடுத்தவுடனே சுருக்கம் தெரிந்திருந்தால், துணியை இழுத்துப் பிரேமில் மாட்டியதையோ, நெருக்கமான தையலையோ, போதாத பேப்பரையோ குறை சொல்லலாம். சலவைக்குப் பிறகுதான் தெரிந்தது என்கிறீர்கள். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்குகிறது, பாலியஸ்டர் நூல் சுருங்குவதில்லை. சுருங்கிய துணிக்கு நடுவே பழைய அளவிலேயே நிற்கும் லோகோ மேடாக எழும்பும். சென்னை கோடவுன் தெருவில் மொத்தமாகத் துணி எடுக்கும்போதே ஒரு துண்டை அளந்து, நனைத்து உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். சுருங்கும் துணி என்றால் வெட்டித் தைப்பதற்கு முன் நனைத்துவிடுவதே வழி. நிறம் போனதற்குக் காரணம் அநேகமாக ரேயான் நூலும் வெள்ளைத் துணிக்கு ஊற்றும் குளோரின் பிளீச்சும். பள்ளிச் சீருடை, மருத்துவமனை உடை போன்றவற்றுக்குப் பாலியஸ்டர் நூலே போடுங்கள்.

கேள்வி: 1000 தையலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி வாங்குகிறார்கள். வெளியில் கொடுத்துச் செய்த பஞ்சிங் தரமானதா என்று பணம் கொடுப்பதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு சீருடைக் கடைக்காரர், புரசைவாக்கம்

பதில்: திரைப் படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்டருக்குரிய அதே துணியில், அதே பேப்பரில், அதே நூலில் தைத்த மாதிரியைக் கேளுங்கள். அதைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பாருங்கள்: சாட்டின் எழுத்துகளின் பின்புறத்தில் நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இரு ஓரங்களில் மேல்நூலும் தெரிந்தால் இழுவிசை சரி. அது சரியாக இருந்தும் முன்புறத்தில் இடைவெளி தெரிந்தால் குறை பஞ்சிங்கில்தான் இருக்கிறது. பிறகு மாதிரியை மடித்துப் பாருங்கள்; துணியோடு சேர்ந்து வளையாத லோகோவில் தையல் மிகுதி.

தையல் எண்ணிக்கையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்பு லோகோ பலவும் 5000 முதல் 10000 தையலுக்குள் அடங்கும். 6000 தையலில் முடிய வேண்டியதை ஒருவர் 8000 ஆக்கித் தந்தால், 60 சட்டைக்கு 1,20,000 தையல் வீணாகிறது. நிமிடத்துக்கு 800 தையல் ஓடும் சிங்கிள் ஹெட் மெஷினில் அது இரண்டரை மணி நேரம். இதற்கு மேல், தேவையில்லாத ஒவ்வொரு டிரிம்மும், அதாவது நூல் வெட்டும், வண்ண மாற்றமும் இயந்திரத்தை நிறுத்திச் சில நொடிகளைத் தின்னும். அருகருகே உள்ள எழுத்துகளுக்கு நடுவே நூலை வெட்டி வெட்டித் தைத்திருந்தால், வரிசையை யோசிக்காமல் செய்த வேலை என்று கொள்ளலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். பஞ்சிங் கற்றுக்கொள்ள விருப்பம். மென்பொருள் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும் காலத்தில் இதைக் கற்பதில் பயன் உண்டா?
– ஒரு மாணவி, குரோம்பேட்டை

பதில்: இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளும், அதற்குள் எம்பிராய்டரிக் கோப்பு உருவாக்கும் இங்க்ஸ்டிட்ச் என்னும் இணைப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதற்பாடங்களுக்கு அவை தாராளமாகப் போதும்.

தானியங்குவது இந்தத் தொழிலுக்குப் புதிதன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் குரோப்லி 1863-இல் ஷிஃப்லி எம்பிராய்டரி இயந்திரத்தைக் கண்டறிந்தார். அவருடைய மகன், துளையிட்ட அட்டையால் அது தானே இயங்கும்படி 1898-இல் செய்தார். ஆனால் அந்த அட்டையில் எங்கே துளையிடுவது என்பதை, ஆறு மடங்கு பெரிதாக்கிய வரைபடத்தின்மேல் ஒவ்வொரு தையலாகத் தொட்டுக்கொண்டு செல்லும் ஒரு கைதான் முடிவு செய்தது. இன்று அட்டை போய்க் கோப்பு வந்திருக்கிறது. எந்தத் திசையில் தைப்பது, எதை முதலில் தைப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகள் அப்படியே இருக்கின்றன. ஒற்றை நிறப் பெரிய வடிவங்களுக்கு ஆட்டோ பஞ்சிங்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிறு எழுத்து வந்தவுடன் அது திணறும்.

லோகோவில் தொடங்க வேண்டாம். 3 செ.மீ. வட்டம் ஒன்றை வரைந்து, அதே வட்டத்தைப் பாப்லின், டி-சர்ட் துணி, ஜீன்ஸ் ஆகிய மூன்றிலும் தைத்து, ஸ்கேலால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு தையலின் திசையை மாற்றி மறுபடி தைத்து அளந்து பாருங்கள். சொந்த மெஷின் இல்லையென்றால், ஓய்வு நேரத்தில் தைத்துத் தர ஒப்புக்கொள்ளும் பட்டறை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். துணியில் தைத்துப் பார்க்காமல் திரையில் மட்டும் கற்ற பஞ்சிங் அரைப் பஞ்சிங்தான்.

கேள்வி: கிரிக்கெட் சீசனில் ஓர் அணியின் சின்னத்தை டி-சர்ட்டில் தைத்துத் தரக் கேட்கிறார்கள். பிரபல ஷூ நிறுவனத்தின் சின்னத்தையும் கேட்கிறார்கள். செய்து தரலாமா?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி பதிவு பெற்ற சின்னத்தைப் போலியாகப் பொறிப்பது தண்டனைக்குரிய குற்றம். வாடிக்கையாளர் கேட்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது. சொந்த நிறுவனத்தின் லோகோ என்று சொல்லிக் கொண்டுவருபவரிடமும், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு வேலை ஆணை வாங்கி, பஞ்சிங் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் அதன் படத்தையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.